மிளகும் அமுது, உப்பும் அமுது

திருமலைக் கோயில் கல்வெட்டுத் தொகுதிகளைப் படிக்க உட்கார்ந்தால் நாலைந்து பக்கத்துக்குள் மளிகைக் கணக்கில் மாட்டிக்கொள்வோம். அரசன் பெயர், சக ஆண்டு, மாதம், நட்சத்திரம் எல்லாம் முடிந்ததும் அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை உழக்கு, பயறு, உப்பு, மிளகு, கறி, தயிர், பாக்கு, வெற்றிலை என்று கல் பேசத் தொடங்கிவிடும். வெற்றி கொண்ட நாடுகளைப் பற்றிய மெய்க்கீர்த்திகளில் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சோறு என்ற பொருளின் வரலாற்றைத் தேடுபவருக்கு வேங்கடத்தைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் கல்வெட்டுகளை முதலில் முறையாகப் படியெடுத்து வெளிக்கொணர்ந்தவர் தேவஸ்தானத்தின் கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. 1930இல் அவருடைய அறிக்கை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தொகுதிகள் அச்சேறின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். தெலுங்கும் கன்னடமும் குறைவு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் மலை இது; இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மலை. விஜயநகர மன்னர்கள் ஆண்ட காலத்திலும் இங்கே மடைப்பள்ளிக் கணக்கு தமிழில்தான் கல்லில் ஏறியது.

அந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சொல் ஓயாமல் திரும்பத் திரும்ப வருகிறது. நெய் என்று எழுத மாட்டார்கள், நெய்யமுது. தயிர் தயிரமுது. உப்பு உப்பமுது, மிளகு மிளகமுது, காய்கறி கறியமுது. பாக்கு அடைக்காயமுது, வெற்றிலை இலையமுது. மொத்தச் செலவுக்கும் பெயர் அமுதுபடி. பெருமாள் உண்பது 'அமுது செய்தருளுதல்'.

தேவர்கள் பாற்கடலைக் கடைந்து எடுத்த சாவாப் பொருளின் பெயர் உப்பின் மேலும் வெற்றிலையின் மேலும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? மரியாதை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. பெருமாளின் கை திருக்கை, அடி திருவடி, உணவு அமுது. ஆனால் மரியாதை மட்டும்தான் நோக்கம் என்றால் திருவுப்பு, திருமிளகு என்று சொல்லியிருக்கலாமே. அமுது என்ற சொல் வேறொரு வேலையும் செய்திருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. வடமொழி அம்ருத என்பதில் முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும்; பின்னால் இருப்பது சாவு. சாவின்மை என்பதே சொல்லின் பொருள். கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களின் உணவுக்கு வைத்த அம்புரோசியா என்ற பெயரும் இதே மூலத்திலிருந்து, இதே பொருளில் பிறந்தது. தமிழுக்கு வந்தபோது சொல்லின் நடுவில் இருந்த ஒலி ஒரே வடிவில் இறங்கவில்லை: அமிழ்தம், அமிர்தம், அமுதம், அமிழ்து, அமுது என்று ஐந்து உருவம். சோற்றுப் பருக்கையைக் குறிக்கும் 'அவிழ்' என்ற சொல்லோடு அமிழ்தை இணைத்து, இது தமிழ்ச் சொல்லே என்று நிறுவ முயன்றோரும் உண்டு. அந்த முயற்சி எனக்கு ஒப்பவில்லை. ஒலிகளை வைத்துச் சொல்லவில்லை, பொருளை வைத்துச் சொல்கிறேன். அமிழ்து சோற்றிலிருந்து பிறந்த சொல் என்றால், மிகப் பழைய நூல்களில் அது சோற்றைக் குறித்திருக்க வேண்டும். அங்கே அது தேவருணவாக, கிடைத்தற்கு அரியதாகத்தான் வருகிறது.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் பிள்ளைகள் கையிட்டுத் துழாவிய கூழை அமிழ்தைக் காட்டிலும் இனியது என்கிறார். கூழும் அமிழ்தும் வேறு வேறாக இருந்தால்தான் அந்த ஒப்பீடு நிற்கும். விருந்தோம்பலில் அமிழ்தின் அடிப்பொருளான சாவின்மையை அறிந்தவராகவே பேசுகிறார். வான்சிறப்பில் மழைக்கு அந்தப் பெயரைத் தருகிறார். அதுவும் உலகம் அழியாமல் நிற்பதற்கு மழை காரணம் என்பதால். ஆக வள்ளுவர் காலத்தில் அமிழ்து இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்கு இறங்கவில்லை.

இறக்கி வைத்ததில் பெரும்பங்கு ஒரு பௌத்த நூலுக்கு உண்டு என்று நினைக்கிறேன். மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து எழும் ஆபுத்திரனின் பாத்திரத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பெயரைப் பார்த்தால் சாவாமை சுரக்க வேண்டும். சுரப்பதோ சோறு. ஆதிரை இட்ட முதல் பிச்சையிலிருந்து பெருகி, யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகையின் பசியை ஆற்றி, சிறைக்கோட்டத்தில் கிடந்தவர்கள் வரை போகிறது அது. எவரும் சாகாவரம் பெறவில்லை. அன்றைய பசி தீர்ந்தது. அமுது என்ற சொல்லின் பொருள் மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் பக்தி இலக்கியத்தில் இந்தப் பொருள் நிலைத்துவிடுகிறது. பெரியபுராணத்தில் அடியாருக்கு அமுது செய்விப்பது என்றால் இலை போட்டுச் சோறு பரிமாறுவது. வைணவத்திலும் அப்படியே.

அக்கம்பக்கத்து மொழிகளும் இதில் பங்கு கொண்டன. கன்னடக் கல்வெட்டுகளில் கோயில் படையலுக்கு அம்ருதபடி என்று பெயர். மலையாளத்தில் அரசர்கள் உண்பதை அம்ருதேத்து என்பார்கள். தமிழ் மட்டும் ஒரு படி மேலே போய் இந்தச் சொல்லைப் பலசரக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் வைத்துத் தைத்தது. ஸ்ரீவைஷ்ணவர் வீடுகளில் இன்றும் ரசம் சாத்தமுது, பொரியல் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமையல் தளிகை. சாத்தமுது என்பது சாற்றமுதின் பேச்சு வடிவம். திருக்கண்ணமுதைக் கன்னல் என்ற கரும்புப் பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. வெல்லம் போட்ட பண்டத்துக்கு அது பொருந்தித்தான் வருகிறது. கல்வெட்டுப் பட்டியலில் மிளகமுது உண்டே தவிர மிளகாய்க்கு இடமில்லை. போர்த்துகீசியர் கப்பலில் வந்த காய் அது; வந்தபோது அமுதுபடிப் பட்டியல் ஏற்கெனவே கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

இனி அந்தச் சொல் செய்த வேறு வேலைக்கு வருவோம். கடைத்தெருவில் மிளகு வெறும் மிளகு. கோயில் ஸ்ரீபண்டாரத்தில் அளந்து போட்ட பிறகுதான் அது மிளகமுது. இடையில் நிகழ்வது உரிமை மாற்றம். கொடையாளிக்குச் சொந்தமான பண்டம் அந்த அளவையோடு தெய்வத்தின் பண்டமாகிறது. அளக்கும் மரக்காலுக்கே தெய்வத்தின் பெயர் இருந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். இன்று மலையப்ப சுவாமி என்று அழைக்கப்படும் உற்சவ மூர்த்தியின் பழைய பெயர் மலைகுனிய நின்ற பெருமாள். 1339ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அந்தப் பெயர் முதலில் தென்படுகிறது. அதே பெயரைக் கல்வெட்டுகள் 'மலைகினிய நின்றான்' என்ற வழக்கில் மரக்காலுக்கும் சூட்டின. அந்த மரக்காலால் அளந்ததுதான் அமுதுபடி. எனவே கல்வெட்டில் அமுது என்பது கணக்கப்பிள்ளையின் சொல்லும்கூட. இந்தப் பண்டம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்று அது சொல்கிறது.

படி என்ற சொல்லும் இங்கே சும்மா வரவில்லை. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, மனோகரப்படி, சுகியன்படி, இட்டலிப்படி என்று பணியாரங்கள் படிக்கணக்கில் எழுதப்பட்டன. வெல்லப் பாகில் புரட்டிய மொறுமொறுப்பான முறுக்குத் துண்டுகளே மனோகரம். லட்டு தலையெடுப்பதற்கு முன் திருமலையில் அதற்கும் வடைக்கும்தான் செல்வாக்கு. திருமலை வழக்கில் பணியாரம் 51 உருப்படி கொண்டது ஒரு படி. தேவஸ்தானம் 2001இல் லட்டுக்கு வகுத்த அளவுத்திட்டத்தைப் பாருங்கள்: 5,100 லட்டுக்கு மொத்தம் 803 கிலோ பொருள், கடலை மாவு 180, நெய் 165, சர்க்கரை 400, முந்திரி 30, திராட்சை 16, கற்கண்டு 8, ஏலம் 4. ஐயாயிரத்து ஒருநூறு என்ற எண் வெளியாளுக்கு விசித்திரமாகப் படும். ஐம்பத்தொன்றை நூறால் பெருக்கினால் விசித்திரம் போய்விடும். இந்தத் திட்டத்தின் பெயரே படித்தரம். தெலுங்கில் போட்டு என்று சொல்லப்படும் மடைப்பள்ளிக்குள் வழக்கு மொழி மாறிவிட்டாலும் படி மாறவில்லை.

இவ்வளவு கணக்குக்கும் நடுவே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புளியோதரையும் பொங்கலும் லட்டும் கருவறை வாயிலில் உள்ள குலசேகரப்படிக்கு இப்பால்தான் வைக்கப்படும். அதைத் தாண்டி உள்ளே போவது தயிர்சாதம் மட்டும். அதுவும் உடைந்த மண்சட்டியில், ஓட்டில். தினமும் புதுச் சட்டி. குறும்பறுத்த நம்பி என்ற குயவரோடு சேர்த்து இதற்குக் கதை சொல்வார்கள்: மன்னன் தொண்டைமான் பொன்மலரால் பூசித்த காலத்தில், ஓய்வில்லாத இந்தக் குயவர் வேலை செய்த இடத்திலேயே மண்பூவால் பூசித்தார், பெருமாள் அதைத்தான் விரும்பி ஏற்றார். கதையின் காலத்தைத் தேடிப் பயனில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அரசர்கள் கொடுத்த பொற்கலங்கள் எல்லாம் படிக்கு வெளியே நிற்க, எந்தக் கொடையாளியின் பெயரும் ஒட்டாத தயிர்சோறு உள்ளே போகிறது.

அமுதுக்கு அடுத்தபடியாக இந்தக் கல்வெட்டுகளின் அடியில் ஓடும் இன்னொரு சொல் ஊட்டு. உண் என்பதன் பிறவினை. தான் உண்டால் உண்ணல், பிறரை உண்ணச் செய்தால் ஊட்டல். ஊட்டம், ஊட்டச்சத்து என்று இன்று சத்துணவு பேசுவோர் புழங்கும் சொற்கள் இதிலிருந்து வந்தவை. கேரளத்துக் கோயில்களில் சாப்பாட்டுக்கூடம் ஊட்டுப்புரை. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இதே வேர் வட்டிக்கடைச் சொல்லாகவும் வருவதுதான் வியப்பு: பொலியூட்டு. பொலி என்றால் பெருக்கம். களத்து மேட்டில் நெல் அளக்கும்போது சொல்லும் பொலி அதுதான், பொலிசை என்றால் வட்டி. முதலைத் தொடாமல் அதன் பெருக்கத்தால் ஊட்டுவது பொலியூட்டு. பொன்னை ஊர்ச்சபையிடமோ கோயில் பண்டாரத்திடமோ கொடுத்துவிட்டால், முதல் அப்படியே நிற்கும். ஆண்டுதோறும் விளையும் பொலிசையில் விளக்கு எரியும், அமுது படைக்கப்படும். 'சந்திராதித்தவரை', அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை.

வேங்கடத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெரிய கொடைகளில் ஒன்று ஒரு பெண்ணுடையது. காடவன் பெருந்தேவி என்ற சாமவை பல்லவர் குலத்து அரசி. காலம் பொதுவாக 966 என்று கணிக்கப்படுகிறது. மூலவரைப் போலவே வெள்ளியில் ஒரு மூர்த்தி செய்து கொடுத்தாள். இன்று போக ஸ்ரீநிவாசர் என்று வழங்கும் அந்த மூர்த்திக்குக் கல்வெட்டில் பெயர் மணவாளப் பெருமாள். கூடவே நகைகளும் நிலமும் கொடுத்தாள். அன்றாட அமுதுக்கும் விளக்குக்கும் அந்த நிலம் சோறு போட வேண்டும் என்பது ஏற்பாடு. மூர்த்தியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவள் பக்தை. நிலத்தையும் சேர்த்துக் கொடுத்ததால் காரியம் தெரிந்த பக்தை.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஏற்பாடு வேறொரு பருமனை அடைந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் 1456 முதல் 1570 வரையிலான திருப்பதிக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு கோயிலின் பொருளாதார வேலையை ஆராய்ந்தார். கொடையாளி ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் செலுத்துவார். கோயிலை நிர்வகித்த ஸ்தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது, விளைச்சல் கூடியது, கூடிய விளைச்சலிலிருந்து கொடையாளி கேட்ட திருப்போனகம் என்ற படையல் சோறு நாள் தவறாமல் ஏறியது. மழை குறைந்த, பாறை மண்டிய சித்தூர்ச் சீமையில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தப் பக்கம் கோடையில் போய் வந்தவர்கள் அறிவார்கள். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை மலையேறியதையும் அவர் சாத்திய அணிகளையும் எல்லா நூலும் சொல்லும். நான் அதைவிட, பெயர் மறந்துபோன ஏதோ ஒரு வணிகர் கொடுத்த சில நூறு பணம் ஏதோ ஒரு ஊரில் வாய்க்காலாக மாறியதைத்தான் பெரிதாக நினைப்பேன்.

அமுது செய்தருளிய பிறகு அந்தச் சோறு எங்கே போயிற்று? கல்வெட்டு இதிலும் கறார். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளிக்கு. அதன் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. தருமத்தை விட்டவன் விட்டவன். அவனுக்கு விழும் பங்கு விழுக்காடு. மீதி முக்கால் பங்கு ஸ்தானத்தாருக்கும் கோயில் பணியாளருக்கும் முறைப்படி பிரியும். நூற்றுக்கு இத்தனை என்ற பொருளில் இன்று செய்தித்தாளில் புழங்கும் விழுக்காடு, அன்று இலையில் விழுந்த பங்கு. இந்தக் கால் பங்கு சந்ததி சந்ததியாக வந்தது. தானே உண்ணலாம், மடத்துக்கோ நந்தவனம் பார்ப்பவருக்கோ எழுதி வைக்கலாம். பிரசாதப் பங்குகள் விலைக்கும் கைமாறின. யாத்திரிகர்கள் வாங்கி உண்டார்கள். பிரசாதம் விற்பனைப் பொருளானது நேற்றைய லட்டுக் கவுண்டரில்தான் என்று நினைப்பவர்கள் ஐந்நூறு ஆண்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இதில் முகம் சுளிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மலை மேல் வயல் கிடையாது. கீழேயிருந்து தலைச்சுமையாக அரிசி ஏறிய காலத்தில், வந்தவனுக்குச் சோறு கிடைக்க ஒரு சந்தையும் தேவைப்பட்டது.

சந்தையில் வாங்க முடியாதவர்களுக்கு என்ன வழி? விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் காலத்தில் திருமலையிலும் திருப்பதியிலும் ராமானுஜகூடங்கள் எழுந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு கந்தாடை ராமானுஜ ஐயங்காரிடம் இருந்தது. கொடையாளிகள் பலர் தங்கள் விட்டவன் விழுக்காட்டை இந்தக் கூடங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வந்த வைணவர்கள் உண்டார்கள். மணிமேகலையின் பாத்திரம் கதையில் செய்ததை ஏரியும் வாய்க்காலும் கால் பங்கும் சேர்ந்து கணக்குப் புத்தகத்தில் செய்தன. சாவின்மை என்ற பழைய பொருளும் ஒரு வழியாக இங்கே திரும்பி வந்துவிட்டது என்று தோன்றுகிறது. உண்டவன் சாகாமல் இருப்பது முடியாத காரியம். ஊட்டுகிற முதல் சாகாமல் இருக்கலாம்.

நடந்தது எல்லாம் அப்படித்தானா என்றால், இல்லை. விஜயநகரம் வீழ்ந்தது, ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் கோயில் வருமானத்தில் கை வைத்தார்கள், 1843இலிருந்து ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வகித்தார்கள், 1933இல் தேவஸ்தானக் குழு வந்தது. நிலவும் ஞாயிறும் இருக்கின்றன. அவற்றைச் சாட்சி வைத்த கட்டளைகளில் பெரும்பாலானவை இல்லை. திருவிடையாட்ட ஊர்கள் கை மாறின, சந்திகள் என்ற படையல் வேளைகள் நின்றன. கல்லில் வெட்டியது நிலைக்கும் என்பது கல்லைப் பொறுத்தவரைதான் உண்மை.

ஆனால் பொலியூட்டின் தருக்கம் செத்துப்போகவில்லை. 1985 ஏப்ரலில், என்.டி.ராமராவ் ஆந்திர முதல்வராக இருந்தபோது, திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேர் அளவில்தான். இன்று அது ஸ்ரீ வேங்கடேஸ்வர அன்னப்பிரசாத அறக்கட்டளை. 2011இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் ஆயிரம் பேர் அமரும் கூடங்கள் நான்கு. அதற்கு வைத்த பெயர் மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா. சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவிலிருந்து வந்து திருமலையிலேயே வாழ்ந்து, நரசிம்ம ஜெயந்தியில் அன்னதானம் நடத்திய 18ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவி அவர். பந்தி முடிய முடிய அடுத்த பந்தி. இலை போட்டுச் சோறு, சாம்பார், ரசம், மோர். அங்கே யாரும் ரசத்தைச் சாத்தமுது என்று சொல்வதில்லை.

அறக்கட்டளைக்கு வரும் நன்கொடையை என்ன செய்கிறார்கள் என்பதைத் தேவஸ்தானமே அறிவித்திருக்கிறது: தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் வைப்பாக வைத்து, வரும் வட்டியில் உணவுச் செலவை நடத்துவது. முதலில் கை வைப்பதில்லை. பொலியூட்டு என்று எந்த ரசீதிலும் அச்சிட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். ஏரிக்குப் பதில் வங்கி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் சித்தூர்ச் சீமையின் வயல்களுக்குக் கிடைத்துவந்த தண்ணீர் விடுபட்டுப்போனது என்பது மட்டும் சிறிய வேறுபாடில்லை. விட்டவன் விழுக்காடும் வேறு பெயரில் தொடர்கிறது. நன்கொடையின் அளவுக்கு ஏற்பத் தரிசனம், தங்கும் அறை, பிரசாத லட்டு என்று கொடையாளிக்குச் சலுகைப் பட்டியல் உண்டு. பழைய கணக்கில் அது சோற்றின் கால் பங்காக இருந்தது. இப்போது எத்தனை லட்சத்துக்கு எத்தனை லட்டு என்று தேவஸ்தானம் அட்டவணை போட்டுத் தருகிறது.